தறிக்குழியில் கிடைத்த தாலாட்டு: ஒரு நன்றி மடல்

சென்னிமலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஈரோடு, திருப்பூர், கோவையிலிருந்தும் எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

தாய் தன் பிள்ளையிடம் பேசுவதாக அமைந்த எங்கள் பாப் பாடல் உங்கள் தயவால் வெளிவந்துவிட்டது. தாயைப் புகழ்ந்து பிள்ளை பாடும் பாடல்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் தாய் தெய்வமாக நிற்பாளே தவிர, பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. வேலையும் பார்த்துக்கொண்டு பிள்ளையையும் வளர்க்கிற ஒருத்தி, தூளியை ஆட்டியபடி என்னதான் சொல்வாள் என்பதை எழுத விரும்பினேன். அதைச் சொல்லத் தெரிந்தவர்களின் வாசலில் போய் நின்றதால்தான் பாட்டு உருவானது. எனவே வந்து குவியும் பாராட்டில் பெரும்பங்கு என்னைச் சேராது.

முதல் நன்றி எங்கள் வளவில் கைத்தறி நெய்த மூத்த பெண்களுக்கு. அவர்களுள் என் அமுச்சியும் (அம்மாவின் அம்மா) ஒருவர். காலைக் குழிக்குள் விட்டு நெய்யும் குழித்தறியில் உட்கார்ந்துவிட்டால் நினைத்தபோதெல்லாம் எழ முடியாதே, பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். விட்டத்தில் தொங்கும் தூளியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துவந்து கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வோம், மிதியை மிதிக்க மிதிக்கத் தூளியும் ஆடும் என்று சொன்னதோடு நில்லாமல், முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் குழிக்குள் இறங்கி அமுச்சி அதைச் செய்தும் காட்டினார். "மிதிக்கற காலுல உன் தூளிக் கயிறு, நெய்யற நூலுல நம்ம ராச்சோறு" என்ற பல்லவியில் முதல் அடி என்னுடையது. இரண்டாவது, அமுச்சி போகிற போக்கில் சொன்னது. இரண்டில் எது மேல் என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடே இல்லை.

நாட்டுப்புறத் தாலாட்டில் தாய்மாமன் பொன்னும் பட்டுமாகச் சீர் கொண்டுவருவான். எங்கள் பாட்டில் மாமன் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து, ஒரு பொட்டலம் முறுக்கோடு வருகிறான். திருப்பூரில் செக்கிங் வேலை பார்க்கும் ஓர் இளம் தாய் கொடுத்த அடி அது. மதிய இடைவேளையில், தன் சாப்பாட்டு நேரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்து அவர் பேசினார்.

இசையமைத்த தம்பிக்கும் கோவையின் ஒலிப்பதிவாளருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பாட்டின் வேகத்தைத் தூளியிடமே கேட்போம் என்றவர் ஒலிப்பதிவாளர். ஊசலாட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளமே ஒழிய, உள்ளே கிடக்கும் பிள்ளையின் எடை அன்று. ஏறத்தாழ 2 மீட்டர் தொங்கும் தூளி ஒருமுறை போய்வர 2.8 விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அதை நான்கு தட்டாகப் பிரித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 85 தட்டு வருகிறது. பாட்டு முழுவதும் அந்த நடையிலேயே போகிறது. தூளியை ஆட்டிக்கொண்டே கேட்பவர்கள், கை தானாகத் தாளத்தில் விழுவதாகச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

விசைத்தறியின் சத்தம் அந்த நடைக்கு ஒத்துவராத அளவுக்கு விரைவானது. ஆகவே குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா ஓடும் ஓசையையும், அந்த நூலை நெருக்கப் பலகை அடிக்கும் ஓசையையும் கைத்தறியிலிருந்து தனித்தனியே பதிவுசெய்து தாளமாக்கினோம். இடையிசையில் மட்டும் விசைத்தறி ஒலிக்கிறது. அதற்காக மற்றத் தறிகளையெல்லாம் நிறுத்தி ஒன்றை மட்டும் ஓடவிட்ட பட்டறைக்காரருக்கும், அங்கு வேலை செய்வோருக்கு அவரைவிட அதிகமாகவும் கடமைப்பட்டிருக்கிறோம். மீட்டர் கணக்கில் கூலி வாங்குவோருக்குத் தறி நின்றால் காசும் நின்றுவிடும் என்று தெரிந்தும், நாங்கள் கொடுத்த பணத்தை அவர்கள் வாங்க மறுத்தார்கள்.

தாலாட்டு என்றாலே நீலாம்பரிதான் என்று பழகிய காலத்தில், அந்த ராகம் வேண்டாம் என்ற எங்கள் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொண்டு, குரலை அடக்கிப் பாடக் கற்றுக்கொடுத்த என் இசை ஆசிரியைக்கும், உருமியை மிக மெதுவாக வாசித்துத் தந்த அண்ணனுக்கும் நன்றி. தறிச் சத்தத்தை எடுத்துவிட்டுப் பியானோ வைத்தால் வெளியிடுகிறோம் என்ற நிறுவனத்துக்கும் நன்றி. சொந்தக் காசில் செய்யும் துணிவு அதனால்தான் வந்தது.

பாடல் விவரத்தில் வரிகள் என்ற இடத்தில் என் பெயருக்கு முன்பாகச் சென்னிமலைக் கைத்தறிப் பெண்கள் என்று போட்டிருக்கிறோம். வரும் வருமானத்தில் முதல் பங்கு, இந்த முறை மறுப்புக்கு இடமில்லாமல், பட்டறையில் கூலி இழந்தவர்களுக்குப் போகும்.

இப்போது பல தாய்மார்கள் பாட்டைத் தங்கள் பிள்ளைக்கெனப் பாடி அனுப்புகிறார்கள். முறுக்கு இருக்கும் இடத்தில் ஊத்துக்குளிக்காரர் வெண்ணெயையும் கவுந்தப்பாடிக்காரர் நாட்டுச் சர்க்கரையையும் வைத்துப் பாடியிருக்கிறார். ஓரிருவர் மாமனையே பாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் விருப்பப்படி மாற்றிப் பாடி அனுப்புங்கள், கேட்கக் காத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
பாடலைப் பாடியவளும் குழுவினரும்,
சென்னிமலை.