நாடு திரும்பும் பிள்ளைகளின் தமிழைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மவுண்டன் ஹோம் என்ற சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் சிங்கப்பூர் ஆகாயப்படையில் விமானப் பராமரிப்புப் பொறியாளர். நம் எஃப்-15எஸ்ஜி போர் விமானங்களின் பயிற்சிப் பிரிவு ஒன்று 2009ஆம் ஆண்டிலிருந்து இங்குள்ள அமெரிக்க விமானப்படைத் தளத்தில் இருக்கிறது. நம் தீவின் வானம் சிறியது, ஒரு போர் விமானம் நன்றாக வேகம் எடுப்பதற்குள் எல்லை வந்துவிடும். அதனால்தான் இங்கேயும், பிரான்சின் கஸோவிலும், மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸிலும், குவீன்ஸ்லாந்தின் ஓக்கியிலும் நம் ஆட்கள் குடும்பத்தோடு போய் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு வருகிறார்கள். அந்தக் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. எங்கள் முறை டிசம்பரில் முடிகிறது. இன்னும் ஆறு வாரம்.

இங்கே வந்து இரண்டரை ஆண்டு ஆகிறது. நாங்கள் கிளம்பியபோது மகள் தொடக்கநிலை 1 பாதியில் இருந்தாள். இப்போது ஜனவரியில் நேராகத் தொடக்கநிலை 4க்குப் போய் உட்காரப் போகிறாள். இங்கே பள்ளி ஆண்டு ஆகஸ்டில் ஆரம்பிப்பதால் புது ஆசிரியை, புது வகுப்பு எல்லாம் இப்போதுதான் பழகி வந்தது, அதற்குள் நடுவிலேயே கிளம்புகிறோம். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிம்மதி, அங்கேயும் ஆண்டுத் தொடக்கத்தில்தான் பள்ளி திறக்கும்.

சிங்கப்பூரிலிருந்து யார் தொலைபேசியில் பேசினாலும், "அப்புறம் என்ன, வீட்டுக்கு வரப் போறீங்க, சந்தோஷம்தானே?" என்பார்கள். சந்தோஷம்தான். ஆனால் இந்தக் கடைசி மாதங்கள் எப்படிப் போகின்றன என்று யாரிடமும் சொல்ல நேரமே கிடைக்கவில்லை. கணவர் அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் வேலையில் மூழ்கிவிட்டார். காலையில் இருட்டோடு போய் இருட்டியபின் வருகிறார். காரை விற்பது, வாடகை வீட்டைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுப்பது, சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருப்பவர்களிடம் தேதி பேசுவது, பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்புவது எல்லாம் என் தலையில். இதில் எனக்குக் குறை இல்லை, படைவீரர் வீடுகளில் இது எப்போதும் இப்படித்தான்.

ஒரு நல்ல பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. இங்கே வாங்கிய மிக்சியையும் சோறு வடிக்கும் குக்கரையும் கொண்டுபோனால் வீட்டில் சும்மாதான் கிடக்கும். அதனால் கிளம்பும் குடும்பம் வரும் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகும். எனக்கு வந்த மிக்சி எத்தனை கை மாறியது என்று எனக்கே தெரியாது. போன வாரம் அதைக் கழுவித் துடைத்துப் புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். மகளுக்குச் சின்னதாகிவிட்ட பனிக் காலணியையும் அவருடைய பிள்ளைக்குக் கொடுத்தோம். அவர் என்னிடம் முதலில் கேட்டது குளிரைப் பற்றியோ கார் ஓட்டுவதைப் பற்றியோ இல்லை. "அக்கா, பிள்ளைங்க தமிழை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு ஆண்டுகள் நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. வீட்டில் தமிழ் பேசுவோம், அது போதும் என்று நினைத்தேன். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இது எப்போது ஆரம்பித்தது என்றுகூட நினைவில்லை, ஒரு நாள் கவனித்தபோது அப்படித்தான் ஆகியிருந்தது. வாரக் கடைசியில் பாட்டியோடு காணொளி அழைப்பு மட்டும் தமிழில் நடந்தது, ஏனென்றால் பாட்டிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அந்த ஒரு நூலில்தான் அவளுடைய தமிழ் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தத் தீபாவளிக்கு அந்த நூலும் அறுந்தது. பாட்டி வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மகள் ஆசையாக, "இங்கே நேத்து மலை பெஞ்சுது" என்றாள். மழை என்பது அவள் வாயில் மலை ஆகிவிட்டது. அந்தப் பக்கம் ஓர் உறவினர் விழுந்து விழுந்து சிரித்தார். "வெள்ளைக்காரி தமிழ் பேசுறா பாருங்க, இன்னொரு தடவை சொல்லும்மா" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் வேடிக்கை என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் எழுந்து போய்விட்டாள். அந்த உறவினர் கெட்டவர் இல்லை, அவள் மேல் பாசம் உள்ளவர்தான். ஆனாலும் அன்றிலிருந்து மகள் பாட்டியிடம் "ஹாய் பாட்டி, பை பாட்டி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். இடையில் உள்ளதை நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று, என் அம்மாவுக்கும் என் மகளுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நிற்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது.

அதே வாரத்தில்தான் தாய்மொழி விலக்கைப் பற்றி யோசித்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், நம் பள்ளிகளில் எல்லாரும் தாய்மொழி படிக்க வேண்டும், ஆனால் வெளிநாட்டில் நெடுநாள் இருந்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகளுக்குப் பள்ளி மூலம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்வார்கள். விலக்குக் கிடைத்த பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் தாய்மொழிக்கு ஓர் அடைவுநிலையைக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள், பொதுவாக அது 6க்கும் 8க்கும் இடையில் இருக்கும். 1 என்பது மிகச் சிறந்தது, 8 கடைசி. ஆக, விலக்கு வாங்கினால் மதிப்பெண்ணில் ஒரு சுமை இருக்கத்தான் செய்கிறது. இதையெல்லாம் இரவில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே ஒரு மாதிரி ஆனது. பாட்டியோடு பேச முடியாமல் போன ஒரு பிள்ளையின் விஷயத்தை நான் அடைவுநிலையில் அளந்துகொண்டிருக்கிறேன்.

விலக்குக் கேட்பவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் தொடக்கநிலை 5க்குத் திரும்பியது, அந்தப் பையனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, அவர்கள் கேட்டது சரிதான். என் மகளுக்கு எழுத்து தெரியும். பேசத் தெரியும். பேசப் பயம், அவ்வளவுதான். அதற்கு விலக்கு மருந்து ஆகாது என்று முடிவு செய்தேன்.

சரி, என்ன செய்வது? புத்தகத்தை எடுத்து உட்கார வைத்தால் ஓடுவாள். வீடு முழுக்க அட்டைப்பெட்டியாகக் கிடக்கிறது, பாடம் நடத்த மேசைகூட இல்லை. அப்போதுதான் பெட்டிகளுக்குப் பெயர் எழுதும் வேலையை அவளிடம் கொடுத்தேன். சாமான் ஏற்றுபவர்களுக்காக ஒரு பக்கம் ஆங்கிலத்தில் நான் எழுதுவேன், மறுபக்கம் தமிழில் அவள் எழுத வேண்டும். நமக்கு மட்டும் தெரியும் ரகசிய எழுத்து என்று சொன்னதும் பிடித்துக்கொண்டாள். முதல் பெட்டி 'சமயல்'. நான் திருத்தவில்லை. இரண்டாவது 'புத்தகம்', சரியாக எழுதினாள். மூன்றாவதில் மாட்டிக்கொண்டாள், ஏனென்றால் அதில் பனி அள்ளும் மண்வெட்டியும் கையுறையும் இருந்தன. பனி மண்வெட்டிக்குத் தமிழில் என்ன என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சட்டென்று வரவில்லை, பாட்டியைக் கேள் என்றேன்.

இங்கே மாலை ஏழு மணி என்றால் சிங்கப்பூரில் மறுநாள் காலை ஒன்பது. நவம்பரில் இங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியபின் பத்து. என் அம்மா காலை வேலை முடித்து ஓய்வாக உட்காரும் நேரம். தீபாவளிக்குப் பிறகு முதல் தடவையாக மகள் தானாக அழைத்தாள். பனியைக் கையால்கூடத் தொட்டதில்லை என் அம்மா. மண்வெட்டியைக் காணொளியில் பார்த்துவிட்டு, "பெரிய சட்டுவம் மாதிரி இருக்கே, பனிச் சட்டுவம்னு எழுது" என்றார். சட்டுவம் என்றால் என்ன என்று இவள் கேட்க, அவர் தோசைத்திருப்பியை எடுத்து வந்து காட்ட, அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. பிறகு இவள் தொடங்கினாள், காலையில் புல்லில் இருப்பதும் பனி, வானத்திலிருந்து விழுவதும் பனி, கார் கண்ணாடியில் ஒட்டியிருப்பதும் பனியா, எல்லாவற்றுக்கும் ஒரே பெயரா என்று. பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்களுக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டுச்சு, உனக்கு வேணும்னா நீ பேர் வை" என்றார். அந்தப் பதிலுக்காக என் அம்மாவுக்கு நான் காலம் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது இருபத்து மூன்று பெட்டிகளில் அவள் கையெழுத்து இருக்கிறது. காரை விற்றபோது நம்பர் பிளேட்டை எங்களிடமே கழற்றிக் கொடுத்துவிட்டார்கள், இந்த மாநிலத்தில் அது விற்பவருக்கே சொந்தம். அதில் 'புகழ்பெற்ற உருளைக்கிழங்கு' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும், ஐடஹோவின் பெருமை அது. அதற்கென்று தனிப் பெட்டி வேண்டும் என்று அடம்பிடித்து, 'உருளைகிழங்கு ஊர், கவனம்' என்று எழுதி வைத்திருக்கிறாள். ஒரு க் குறைகிறது. இருக்கட்டும்.

இதில் தேசிய நூலக வாரியத்தின் செயலியும் உதவியது. உறுப்பினர் கணக்கு இருந்தால் எந்த நாட்டிலிருந்தும் தமிழ் மின்னூல்களை இரவல் வாங்கலாம். நான் இதை முதல் ஆண்டே செய்திருக்க வேண்டும். புதிதாக வந்த அந்தப் பெண்ணிடம் முதலில் சொன்னது இதைத்தான்.

ஆசிரியர் அவர்களே, இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உறவினர்களுக்கு முதலில். நாங்கள் ஊர் சுற்றப் போகவில்லை, அனுப்பப்பட்டோம். பிள்ளைகள் எங்களோடு வந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. இப்போது திரும்பும்போதும் யாரும் கேட்கவில்லை. இங்கே என் மகளுக்கு ஒரு தோழி இருக்கிறாள், அந்தத் தோழியின் அப்பா அமெரிக்கப் படையில் இருக்கிறார், இருவரும் ஆளுக்கொரு கயிற்று வளையல் கட்டிக்கொண்டு, வளர்ந்தபின் இங்கே பக்கத்திலுள்ள புருனோ மணல்குன்றில் சந்திப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இரவில் விளக்கணைத்தபின் அழுகிறாள். இந்த மனநிலையோடு விமானத்திலிருந்து இறங்கும் பிள்ளையின் ழகரத்தைச் சோதிக்காதீர்கள். தவறாகச் சொன்னால் அடுத்த வாக்கியத்தில் நீங்கள் அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லுங்கள், போதும், அது காதில் ஏறும். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள்.

தமிழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படித் திரும்பும் ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்தால், முதல் வாரம் அதைப் பின்தங்கிய பிள்ளையாகப் பார்க்க வேண்டாம். எழுத்துப்பிழை நிறைய இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் என் மகள் முழங்கால் அளவு பனியில் நடந்து பள்ளிக்குப் போயிருக்கிறாள், நூற்று நாற்பது மீட்டருக்கும் மேல் உயரமான புருனோ மணல்குன்றின் உச்சியிலிருந்து உருண்டு வந்திருக்கிறாள், மேலே விமானம் பறந்தால் அண்ணாந்து பார்க்காமலே அது நம்முடையதா என்று சொல்லிவிடுவாள். இதையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பேச விஷயம் இருக்கும் பிள்ளை பேசும்.

கடைசியாக உங்களுக்கு. உங்கள் நாளிதழில் மாணவர்களின் எழுத்து வருகிறது, நாங்கள் இணையத்தில் பார்க்கிறோம். ஐடஹோவிலும் கஸோவிலும் ஓக்கியிலும் இருக்கும் நம் வீரர்களின் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சின்ன இடம் ஒதுக்க முடியுமா? ஐம்பது சொல் போதும். அச்சில் தன் பெயரைத் தமிழில் பார்த்தால் அந்தப் பிள்ளை அடுத்த மாதமும் எழுதும், பாட்டியும் தாத்தாவும் வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

சம்மதம் என்றால் முதல் கட்டுரை எங்களிடம் தயாராக இருக்கிறது. தலைப்பு, 'பனிக்கு நான் வைத்த பெயர்கள்'. நாலு பெயர் வைத்திருக்கிறாள். எனக்குப் பிடித்தது 'ஒட்டுப்பனி', கார் கண்ணாடியில் காலையில் சுரண்ட வேண்டியது. கைப்பட எழுதியிருக்கிறாள், நான் எதையும் திருத்தவில்லை, நீங்களும் திருத்தாமல் போட்டால் நல்லது. அதை மட்டும் பெட்டியில் போடவில்லை, சாமான்கள் கப்பலில் வந்து சேரப் பல வாரம் ஆகும். கைப்பையில் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆகாயப்படை வீரரின் மனைவி
மவுண்டன் ஹோம், ஐடஹோ