சுண்ணாம்புக்கல் மலையில் ஒரு நடைவழி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரை, லண்டனையும் ஆக்ஸ்ஃபோர்டையும் சொல்லி முடிந்துவிட்டது. வடக்கே 431 கிலோமீட்டர் நீளும் பென்னைன் வே என்ற நடைவழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். லீட்ஸில் வசிக்கும் மகளைப் பார்க்க வந்திருக்கிறேன். சென்ற ஜூன் மாதம் அவளும் நானும் மாலம் கிராமத்திலிருந்து ஹார்ட்டன் வரை, ஏறக்குறைய 23 கிலோமீட்டர், அந்த வழியில் நடந்தோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாலம் ஊரைத் தாண்டியதும் அரைவட்டமாக எழுந்து நிற்கிறது ஒரு வெண்சாம்பல் நிறப் பாறைச்சுவர். உயரம் சுமார் 80 மீட்டர். எங்கள் சுரங்கக் கணக்கில் ஒன்பது பெஞ்சுகளை, அதாவது கல் வெட்டிக்கொண்டே இறங்கும் பெரிய படிகளை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். ஆனால் இதில் வெடிவைத்த தடம் கிடையாது; பனியுகத்தின் முடிவில் பனி உருகி வந்த வெள்ளம் அறுத்த முகம் இது. அன்று அருவி விழுந்த இடத்தில் இன்று சொட்டு நீர் இல்லை. சுவரின் அடியில் ஒரு பிளவிலிருந்து ஓடை மட்டும் சத்தமில்லாமல் வெளிவருகிறது. 2015 டிசம்பரில் அடித்த பெரும்புயலின்போது சில மணி நேரம் உச்சியிலிருந்து மறுபடியும் நீர் விழுந்ததாம். உயிரோடிருப்பவர் எவரும் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

நானூறுக்கும் மேற்பட்ட கற்படிகள் ஏறினால் சுவரின் உச்சி. அங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன். பாளம் பாளமாக வெட்டவெளிச் சுண்ணாம்புக்கல், இடையிடையே ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்குப் பிளவுகள். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர், பாறையின் இணைப்புகளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரித்து உண்டாக்கிய பிளவுகள் அவை. குனிந்து பார்த்தால் உள்ளே பச்சைப் பசேலென்று பெரணிகள். ஆட்டின் வாயும் மலைக்காற்றும் எட்டாத இடம் என்பதால் பிழைத்திருக்கின்றன. வீட்டுத் தோட்டங்களை அழகுபடுத்த இந்தப் பாளங்களைப் பெயர்த்து விற்ற காலமும் இருந்தது. 1981ஆம் ஆண்டின் வன உயிர்ச் சட்டம் வந்த பிறகு, பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த இடங்களில் அதற்குத் தடை. ஒரு டன் சிமெண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் என்று கணக்குப் போட்டே காலம் கழித்த எனக்கு, அதே கல்லைத் தொடாமல் காப்பதற்கென்று ஒரு சட்டம் இருப்பது பெருமகிழ்ச்சி தந்தது.

அதற்கு மேலே ஓடையே இல்லாத ஒரு பள்ளத்தாக்கு. இன்னும் மேலே, ஏரியிலிருந்து வரும் ஓடை நம் கண்ணெதிரே கற்களுக்கிடையில் இறங்கி மறைகிறது. பாறைச்சுவரின் அடியில் வருவது இதே நீர்தான் என்று யாரும் நினைப்பார்கள். சாயம் கலந்து சோதித்தபோது, இந்த நீர் ஊருக்குத் தெற்கே வேறோர் ஊற்றில் வெளிப்பட்டிருக்கிறது.

பிறகு ஃபவுண்டன்ஸ் ஃபெல் குன்றின் ஈரக் கரிமண்ணில் நீண்ட ஏற்றம். ஒரு காலத்தில் ஃபவுண்டன்ஸ் மடத்துத் துறவிகள் ஆடு மேய்த்த நிலம். கடைசியாக 694 மீட்டர் உயரமுள்ள பெனிகெண்ட். அதன் தென்முனையில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டியிருந்தது. மகள் முன்னால் போய்க் கை கொடுத்தாள். கீழே சுண்ணாம்புக்கல், தலையில் கருத்த மணற்கல் தொப்பி. உச்சியிலிருந்து பார்த்தால் ஹார்ட்டன் ஊரையொட்டி ஒரு கல்குவாரி இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. குவாரியும் இருக்கிறது, நடைவழியும் இருக்கிறது.

வழி நெடுகத் தனியார் மேய்ச்சல் நிலம்தான். சாந்து பூசாத கல்வேலிகள், அவற்றில் ஆள் மட்டும் கடக்கும் படிகளும் கதவுகளும். எங்களை யாரும் தடுக்கவில்லை. நம் கிராம வரைபடத்தில் வண்டிப்பாதையைக் குறிப்பதைப் போல இங்கும் நடைவழிகளுக்கென்று சட்டப்படியான வரைபடம் உண்டு. அதில் ஏறிய வழியை நில உரிமையாளர் அடைக்க முடியாது.

இந்த உரிமை சும்மா வரவில்லை. வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் 1932 ஏப்ரல் 24 அன்று கூட்டமாக ஏறி நடந்ததைத் தொடர்ந்து ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். 1935இல் இரண்டு அமெரிக்கப் பெண்கள், இங்கிலாந்தில் நடைப்பயணம் போக எந்த வழி நல்லது என்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள். அதைப் படித்த டெய்லி ஹெரால்டு பத்திரிகையாளர் டாம் ஸ்டீவன்சன், அவர்கள் நாட்டில் இருப்பதைப் போன்ற நெடுவழி நமக்கு ஏன் இல்லை என்று தம் பத்திரிகையில் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் முப்பது ஆண்டுகள் அதற்காக உழைத்தார். 1949இல் இத்தகைய நெடுவழிகளுக்கு இடம் தரும் சட்டம் வந்தது. 1965 ஏப்ரல் 24 அன்று, நாங்கள் நடந்த அதே மாலம் மேட்டுநிலத்தில் வழி திறக்கப்பட்டது. ஒரு கடிதத்தையும் ஒரு பத்திரிகைக் கட்டுரையையும் தொட்டு எழுந்த வழி அது என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும்.

எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தில் காரையின் செம்மண் ஓடைக்கரைகளில், கடலாக இருந்த காலத்து அம்மோனைட்டுகள், அதாவது சுருள் ஓடுடைய கடலுயிரிகளின் புதைபடிவங்கள், கிடைக்கின்றன. அதே வட்டாரத்துச் சாத்தனூரில் கல்மரப் பூங்கா இருக்கிறது. இரண்டையும் இணைத்து, வண்டிப்பாதைகளையும் புறம்போக்கையும் பயன்படுத்தி, கல் குறியிட்ட ஒரு நடைவழியை மாவட்ட நிர்வாகம் அமைக்க வேண்டும். முதல் படியாகத் தங்கள் நிருபர் ஒருவரைக் காரைக்கு அனுப்புங்கள். ஆவணியில் ஊர் திரும்பிவிடுவேன். கிராம வரைபடங்களோடு நானும் உடன் வருகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் நல்லது. மழை விழுந்துவிட்டால் அந்தக் களிமண்ணில் கால் வைக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்க நில அளவையாளர்,
அரியலூர் (தற்போது லீட்ஸ்)