தனிச் சுற்றுலா என்று காசு வாங்கிக் கூட்டத்தோடு கூட்டிப்போனது பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: அம்ஸ்டர்டாம் கால்வாய்ச் சுற்றுலாவுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

வணக்கம்.

நான் கிளிநொச்சி மாவட்டம் வட்டக்கச்சியில் இருந்து எழுதுகிறேன். ஜேர்மனியில் இருக்கும் என் அக்கா உங்கள் நிறுவனத்தில் அம்ஸ்டர்டாம் பார்க்கப் பதிவு செய்திருந்தார். அப்பா, அக்கா, நான், என் மகள் என்று நான்கு பேர் வந்தோம். பற்றுச்சீட்டு, நீங்கள் அனுப்பிய நிகழ்ச்சி நிரல், வாட்ஸ்அப்பில் கதைத்தவை எல்லாவற்றையும் இதோடு இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் கேட்டால் “பார்த்துச் சொல்கிறோம்” என்பதோடு நின்றுவிடுகிறது, அதனால் எழுத்தில் தருகிறேன்.

உங்கள் விளம்பரத்தில் போட்டிருந்தது இது: உங்கள் குடும்பத்துக்கு மட்டும், தமிழ் பேசும் வழிகாட்டி, நான்கு மணித்தியாலம், தனிப் படகு. விலை 360 யூரோ. எங்கள் காசில் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல். கூட்டமாகப் போகும் சுற்றுலா அதில் கால்வாசி விலைக்குக் கிடைக்கும் என்று அக்காவுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கூடின காசைக் கட்டினார், ஏனென்றால் அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, முழங்கால் ஏலாது, ஆனால் கேட்பதற்கு நிறையக் கேள்விகள் இருந்தன.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு கோபம் என்று உங்களுக்கு விளங்காது. அவர் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் கமம் செய்தவர். கமக்காரர் அமைப்பில் நெடுங்காலம் இருந்தவர், சிறுபோகத்துக்கு எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று பங்கு பிரிக்கிற கூட்டங்களில் எல்லாரும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் குளத்தின் 14 வான்கதவுகளையும் திறந்துவிட்டபோது நித்திரை இல்லாமல் அணைக்கட்டில் நின்றவர். அப்படிப்பட்ட மனிசனுக்கு, கடல்மட்டத்தை விடத் தாழ்ந்த நிலத்தில் ஒரு நகரத்தைக் கட்டி, நானூறு வருசமாகத் தண்ணீரை அளந்து அளந்து வைத்திருக்கிறார்கள் என்றால் அதைப் பார்க்கவேண்டும் என்று இருக்காதா? விமானம் இறங்கிய ஸ்கிபோல் நிலமே 1852 இல் நீராவி இயந்திரங்களால் இறைத்து வற்றவைத்த ஒரு பெரிய ஏரியின் அடி என்று அக்கா சொன்னதும், அவர் யன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பயணத்துக்கு முதலே ஒரு கொப்பித் தாளில் கேள்விகளை எழுதித் தந்தார். கால்வாய்த் தண்ணீரின் மட்டத்தை யார், எந்த அளவுகோலை வைத்துப் பிடிக்கிறார்கள்? தேங்கி நிற்கிற தண்ணீர் ஏன் நாறவில்லை, எப்போது மாற்றுகிறார்கள்? மரக் குற்றிகளில் நிற்கிற வீடுகள் ஏன் உக்கி விழவில்லை? தண்ணீரைத் திறந்து மூடுகிற துருசுக்குப் பொறுப்பானவர் ஆர், அவரோடு ஆரும் சண்டை பிடிப்பதில்லையா? அக்கா இவற்றைத் தட்டச்சு செய்து உங்களுக்கு அனுப்பினார். “கட்டாயம், எல்லாம் தமிழிலேயே விளக்குவோம், அம்ஸ்டல் ஆற்று மதகுகளுக்கும் கூட்டிப்போவோம்” என்று நீங்கள் எழுதிய பதில் இணைப்பில் இருக்கிறது. தயவுசெய்து அதைத் திறந்து ஒருமுறை வாசியுங்கள்.

இனி அன்றைக்கு நடந்தது. மத்திய ரயில் நிலையத்துக்கு முன்னால் நாங்கள் நேரத்தோடு போய் நின்றோம். வழிகாட்டி வந்தபோது அவரோடு இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்தன. அவர்களிடமும் உங்கள் பற்றுச்சீட்டு இருந்தது, அதிலும் தனிச் சுற்றுலா என்றுதான் போட்டிருந்தது. ஒரே வயலை மூன்று பேருக்குக் குத்தகைக்கு விட்டது மாதிரி ஒரே நேரத்தை மூன்று வீட்டாருக்கு விற்றிருக்கிறீர்கள். அவர்களும் எங்களைப் போலவே முழித்துக்கொண்டு நின்றார்கள்.

வழிகாட்டியாக வந்த பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர் மரியாதையாகத்தான் நடந்தார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. அன்று காலையில்தான் தன்னைக் கூப்பிட்டார்கள் என்றும், மூன்று மணித்தியாலம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள் என்றும் அவரே அக்காவிடம் சொன்னார். அப்பாவின் கேள்விகள் அவர் கைக்குப் போகவே இல்லை. ஆகவே அவர் ஆங்கிலத்தில் சொல்ல, அக்கா பாதி தூரத்தில் நின்று தமிழில் சொல்ல, அதற்குள் மற்றவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விட, அப்பா சைக்கிள் பாதை எது நடைபாதை எது என்று தெரியாமல் தடுமாறி, ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக் கத்தி... காசு கட்டி இதற்கா வந்தோம் என்று மகளே கேட்டாள். முழங்கால் வருத்தம் பற்றிப் பதிவு செய்யும்போதே எழுதியிருந்தோம், “மெதுவாகப் போவோம், இடையில் இருந்து ஆறலாம்” என்று நீங்களும் பதில் போட்டிருந்தீர்கள்.

தனிப் படகு என்றது, கண்ணாடிக் கூரை போட்ட பெரிய படகாக இருந்தது. ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக் கேட்கவேண்டும், மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. அப்பா அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட கால்வாய் வளையம் அது. 17ஆம் நூற்றாண்டில் திட்டம் போட்டு வெட்டியது, ஹேரென்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சென்கிராக்ட் என்று ஒன்றை ஒன்று சுற்றிப் போகிற கால்வாய்கள். வாய்க்கால் வெட்டின மனிசனுக்கு இதை ஒருவர் ஆறுதலாக விளக்கியிருந்தால் அந்த ஒரு மணித்தியாலமே 360 யூரோவுக்குப் போதும்.

அம்ஸ்டல் மதகுகளுக்குப் போகவில்லை. நேரம் காணாது என்றார்கள். ஆனால் சீஸ் கடைக்கு நேரம் இருந்தது, அப்புறம் வைரக் காட்சியறைக்கு நேரம் இருந்தது, அங்கே கதவைச் சாத்திவிட்டு மோதிரத் தட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்கள். இந்த இரண்டு இடமும் நீங்கள் அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் கிடையாது. எங்களை அங்கே கூட்டிப்போனதற்கு உங்களுக்குத் தரகு கிடைக்கிறதா இல்லையா என்பது உங்கள் அலுவல், ஆனால் அந்த நேரம் எங்கள் காசில் வாங்கிய நேரம்.

அன்னா பிராங்க் வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நிரலில் அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. என் மகள் அந்தப் பிள்ளையின் நாட்குறிப்பை வாசித்துவிட்டு, பிரின்சென்கிராக்ட் 263 என்ற விலாசத்தையே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். 1942 இல் இருந்து 1944 வரை அந்த யூதப் பிள்ளையின் குடும்பம் நாசிகளுக்குப் பயந்து அந்தக் கட்டடத்துக்குள் மூச்சுக் காட்டாமல் ஒளித்திருந்தது. யுத்தத்தில் பங்கருக்குள் இருந்து வந்த எங்களுக்கு அது என்னவென்று ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை, அதனால்தான் நானும் உள்ளே போகவேண்டும் என்று நினைத்தேன். வாசலில் நிற்கும்போதுதான் உள்ளே போக நுழைவுச்சீட்டு இல்லை என்று தெரிந்தது. அங்கே கையில் காசு கொடுத்துச் சீட்டு வாங்க முடியாது. ஆறு கிழமைக்குப் பிறகு வரும் நாட்களுக்கான சீட்டை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இணையத்தில் விடுகிறார்கள், கெதியாக முடிந்துவிடும். அந்த நகரத்தில் தொழில் செய்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. நாங்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே பதிவு செய்தவர்கள். சீட்டு எடுக்காவிட்டால் “வெளியே நின்று பார்ப்பது மட்டும்” என்று எழுதியிருக்கவேண்டும், அக்காவே எடுத்திருப்பார்.

இன்னொரு இடம், எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானது. அவுட ஹோக்ஸ்ட்ராட் தெருவில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பழைய தலைமையகம் நிற்கிறது, இப்போது பல்கலைக்கழகத்தின் கட்டடம். 1602 இல் தொடங்கிய அந்தக் கம்பனிதான் 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்து, 1795 வரை எங்கள் பக்கத்தை ஆண்டது. வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்களிடம் திறையாக யானை வாங்கியது, அந்த யானைகளை யாழ்ப்பாணத்தில் வைத்து விற்றது. பூநகரியில் இடிந்து நிற்கிற கோட்டையிலும் அவர்கள் கை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்த ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயுஸ் எங்கள் ஊர்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1672 இல் இதே அம்ஸ்டர்டாமில்தான் அச்சாகியது. இலங்கைத் தமிழருக்கு என்று விளம்பரம் செய்கிற நிறுவனம் இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லப் போகிறது? வழிகாட்டி “வாசனைத் திரவியம் வந்து நகரம் பணக்காரர் ஆனது” என்று ஒரு வரி சொல்லிவிட்டு நடந்தார். அந்தத் திரவியம் எங்கே இருந்து வந்தது, ஆருடைய முதுகில் வந்தது என்று அப்பா கேட்டார், அக்கா மொழிபெயர்த்தார், பதில் வரவில்லை. அடிமை வியாபாரத்தில் நகரத்துக்கு இருந்த பங்குக்காக 2021 இல் நகர மேயரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நகரமே வாய்விட்டுச் சொல்கிற விடயத்தை உங்கள் சுற்றுலா ஏன் விழுங்கவேண்டும்?

நான்கு மணித்தியாலம் என்றது மூன்றுக்குள் முடிந்தது. டாம் சதுக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கையசைத்தார்கள். பின்னால் நிற்கிற அரண்மனை 13,659 மரக் குற்றிகளின் மேல் நிற்கிறது, தண்ணீருக்குள் காற்றுப் படாமல் இருக்கும் வரைக்கும் மரம் உக்காது. அப்பாவின் மூன்றாவது கேள்விக்கு விடை அவ்வளவுதான். அதைக் கூட ஒருவரும் சொல்லவில்லை, அக்கா இரவு தேடி வாசித்துச் சொன்னார்.

அடுத்த நாள் அப்பாவை நாங்களே டிராமில் ஏற்றி அம்ஸ்டல் ஆற்றுக்குக் கூட்டிப்போனோம். மகரே பாலத்தில் இருந்து பார்த்தால் மதகுகள் கண்ணுக்கு முன்னால் தெரிகின்றன, காரே அரங்கத்துக்கு நேரே. மரக் கதவுகளில் பாசி பிடித்த கோடு ஒன்று ஒரே மட்டத்தில் போகிறது, அதற்கு மேலே மரம் காய்ந்து வெளிறிக் கிடக்கிறது. “மட்டம் ஏறி இறங்கவில்லை, பார்த்தாயா, ஒரு சாண் கூட இல்லை” என்று அப்பா மகளுக்குக் காட்டினார். சில இரவுகளில் அந்தக் கதவுகளைச் சாத்தி, ஐமேயர் ஏரிப் பக்கத்தில் இருந்து புதுத் தண்ணீரை விட்டுக் கால்வாய்களைக் கழுவுகிறார்கள். மட்டத்தைக் கடல்மட்ட அளவுகோலுக்கு ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் கீழே பிடித்து வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்க ஒரு சதமும் செலவில்லை, வாங்கில் இருந்து ஆறுதலாகப் பார்க்கலாம், கதவைச் சாத்தி மோதிரம் காட்ட ஆளும் இல்லை. நேரம் காணாது என்று நீங்கள் விட்ட இடம் இதுதான்.

அக்கா முறையிட்டபோது உங்கள் அலுவலகத்தில் இருந்து ஒரு குரல் செய்தி வந்தது. தனி என்றால் வழிகாட்டி மட்டும்தான் தனியாம், கூட்டமும் தனி என்று அர்த்தம் இல்லையாம். அடுத்த பயணத்துக்குப் பத்து வீதம் கழித்துத் தருவார்களாம். “உங்கள் குடும்பத்துக்கு மட்டும்” என்று நீங்களே எழுதின பிறகு இதில் விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது? அடுத்த பயணமும் எங்களுக்குக் கிடையாது. வீசாவுக்கு எத்தனை கடிதம், எத்தனை வங்கிக் கூற்று கொடுத்து அப்பாவைக் கொண்டுவந்தோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். கழிவு வேண்டாம்.

நாங்கள் கேட்பது இது. படகும் கொஞ்ச நடையும் நடந்தபடியால் 120 யூரோவை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், மிச்சம் 240 யூரோவை அக்கா கட்டிய அதே அட்டைக்குத் திருப்பிப் போடவேண்டும். தமிழ் வழிகாட்டி உண்மையில் இல்லாவிட்டால் விளம்பரத்தில் இருந்து அந்த வரியை எடுக்கவேண்டும், நிரலில் அன்னா பிராங்க் வீடு என்ற பெயருக்குப் பக்கத்தில் உள்ளே போவதா வெளியே நிற்பதா என்று போடவேண்டும், கடைகளுக்குக் கூட்டிப்போவதானால் அதையும் முன்கூட்டியே எழுதவேண்டும். எங்கள் ஊர்ச் சனம் பெற்றோரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்ட வருசக் கணக்காகக் காசு சேர்க்கிறார்கள். அவர்களுக்குத்தான் நீங்கள் விற்கிறீர்கள், அதனால்தான் இதில் விடாமல் நிற்கிறேன். மற்ற இரண்டு குடும்பங்களும் தங்கள் பற்றுச்சீட்டின் பிரதியை அக்காவுக்குத் தந்திருக்கிறார்கள்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் அக்கா தன் வங்கியில் அந்தக் கொடுப்பனவை மறுத்து விண்ணப்பிப்பார், ஜேர்மனியில் உள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்திலும் முறைப்பாடு கொடுப்பார், படிவங்கள் நிரப்பித் தயாராக இருக்கின்றன. பதிலை அக்காவின் மின்னஞ்சலுக்கும் எனக்கும் சேர்த்து அனுப்புங்கள். குரல் செய்தி வேண்டாம்.

இப்படிக்கு,
பதிவு செய்தவரின் தங்கை,
வட்டக்கச்சி, கிளிநொச்சி