இரண்டு நாளில் இங்கிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணிக மேலாண்மை மாணவர்களிடம் பிறர் மனமறிந்து பழகும் திறன் குறைவு என்று சொல்லும் உங்கள் கட்டுரையில், 'அந்தத் திறனை இரண்டு நாள் பயிலரங்கில் வளர்த்துவிடலாம்' என்று ஒரு வரி. அந்தத் துறையில் பாடம் நடத்தியே தலை நரைத்த எனக்கு இந்தச் சூட்சுமம் தெரியாமல் போய்விட்டது.

இந்தத் திறனைக் கட்டுரையாளர் எதைக் கொண்டு அளந்தார்? 'நான் பிறர் உணர்வை எளிதில் புரிந்துகொள்வேன்' என்பது போன்ற வரிகளுக்கு எதிரே ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடும் படிவம்தானே? எங்கள் வகுப்பிலும் கொடுத்திருக்கிறோம். யார் வாயைத் திறந்தாலும் குறுக்கே பேசுகிற பையன்தான் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தான். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து கையாளும் உணர்வு நுண்ணறிவு பற்றி 1990-இல் எழுதிய உளவியலாளர்கள் சலோவேயும் மேயரும் அதைத் திறனாகத்தான் பார்த்தார்கள். பின்னாளில் கருசோ என்ற உளவியலாளருடன் சேர்ந்து அவர்கள் உருவாக்கிய தேர்வின் ஒரு பகுதியில், முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்க வேண்டும். அந்த மதிப்பெண்ணும் சுயமதிப்பீடும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. தங்களுக்குத் தெரியாததா?

சரி, திறன் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். குறைத்தது யார்? பக்கத்தில் இருப்பவன் சறுக்கினால்தான் தனக்கு 'ஏ' கிடைக்கும் என்று ஒப்பீட்டு மதிப்பெண் முறை வைத்துவிட்டு, அடுத்த வகுப்பில் ஒத்துழைப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறோம். குழுப்பணி இன்னும் அழகு. ஒரு குழுவின் தலைவர் ஸ்லைடுக்கு ஸ்லைடு 'நான் ஆய்வு செய்தேன்' என்று முழங்கினார். அட்டவணைகளைத் தயாரித்த மாணவி ஓரமாக நின்று லேப்டாப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தார். ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தலைவர் அந்த மாணவியின் முகத்தைப் பார்த்தார். மாணவி தாழ்ந்த குரலில் சொன்னதைத் தன் பதிலாகச் சொன்னார். இருவருக்கும் ஒரே மதிப்பெண், அதுதான் விதி. சக மாணவர் மதிப்பீடும் சேர வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் கேட்டால், 'தேவையில்லாத சச்சரவு வரும்' என்றார்கள். சச்சரவைப் பேசித் தீர்ப்பதும் பாடத்திட்டத்தில் இருக்கிறது, ஐந்தாவது அலகு.

இதையெல்லாம் முன்பே ஒருமுறை உங்களுக்கு எழுதினேன், வெளிவரவில்லை. இடமில்லை போலும். அந்த இதழில் குறுக்கெழுத்துப் போட்டி இரண்டு பக்கம் வந்திருந்தது, நானும் போட்டுப் பார்த்தேன்.

இனி இத்தகைய கட்டுரைகளில், மதிப்பெண் மாணவர்கள் தாங்களே போட்டுக்கொண்டதா, தேர்வு வைத்து அளந்ததா என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பெரிதாக வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
மேலாண்மைத் துறை ஆசிரியை ஒருவர்