ஜன்னல் திறக்க வேண்டும்: படகுவீடுகளுக்கு உரிமம் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஆலப்புழையில் ஒரு படகுவீட்டில் குடும்பத்தோடு ஓர் இரவு தங்கினோம். படகின் பெயர் வேண்டாம். பக்கத்தில் கட்டியிருந்தவையும் அதே லட்சணத்தில்தான் இருந்தன.

அம்மாவுக்கு முட்டிவலி. அவருக்குக் கொடுத்த அறைக்கு ஒரே கதவு. அதைத் திறந்தால் நடை, நடையின் கடைசியில் சமையலறை. அங்கே கேஸ் சிலிண்டர், அதற்குப் பின்னால் ராத்திரி ஏசிக்கு ஓடும் ஜெனரேட்டர், ஓரமாக டீசல் கேன். ஜன்னல் பெரியதுதான், காயல் அழகாகத் தெரிந்தது. ஆனால் ஏசி குளிர் வெளியே போகாதபடி நாலு பக்கமும் ஸ்க்ரூ முடுக்கிப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். தீயணைப்பானும் இருந்தது, சிலிண்டருக்கு மேலே ஓர் ஆணியில். தீயைத் தாண்டிப் போய்த்தான் அதை எடுக்க வேண்டும்.

“தீப்பிடித்தால் அம்மா எப்படி வெளியே வருவார்?” என்று படகில் சமைப்பவரிடம் கேட்டேன். “சுற்றிலும் தண்ணிதானே சார்” என்று சிரித்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் படகுக்கு உரிமம் கொடுத்தது அவரில்லையே.

கேஸ் காற்றைவிடக் கனம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம். படகில் அது அடித்தட்டில் இறங்கித் தேங்கிவிடும். ஒரு பொறி போதும். மேலே மூங்கிலும் பாயும், கீழே கயிறு கொண்டு தைத்த பலகை.

2020 ஜனவரியில் வேம்பநாட்டுக் காயலில் பாதிராமணல் தீவுப் பக்கம் படகுவீடு எரிந்தபோது பயணிகள் தண்ணீரில் குதித்துத் தப்பினார்கள். அது பட்டப்பகல். 2023 நவம்பரில் ஸ்ரீநகர் தால் ஏரியில் எரிந்தது விடிகாலையில். மூன்று பயணிகள் செத்துப்போனார்கள்.

படகு கவிழ்ந்து தேக்கடியில் 45 பேர், தானூரில் 22 பேர் செத்த பிறகு, எத்தனை பேரை ஏற்றலாம், லைஃப் ஜாக்கெட் உண்டா என்றாவது கேட்கிறார்கள். அவை கவிழ்ந்த படகுகள். தீயைப் பற்றிக் கேட்க அதற்கென்று தனியாகச் சாவு விழ வேண்டுமா? படகுக்குத் தங்க நட்சத்திரமா வெள்ளி நட்சத்திரமா என்று தரம் பிரிக்க மட்டும் நேரம் இருக்கிறது. எங்கள் படகில் கட்டில்மேல் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். படுக்கையறை ஜன்னல் உள்ளிருந்து திறக்க வேண்டும், ஓர் ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு. தீயணைப்பான் சமையலறைக்கு வெளியே இருக்கட்டும், அறைகளின் பக்கம் இன்னொன்று. முடியாதென்றால் இரண்டாவதைக்கூட விட்டுவிடுகிறேன். ஜன்னல் திறக்க வேண்டும்.

அடுத்த முறை உரிமம் புதுப்பிக்கும்போது உங்கள் ஆய்வாளர் தயவுசெய்து ஒவ்வோர் அறைக்குள்ளும் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளியே வரட்டும். வர முடிந்தால் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து வந்துபோன ஒரு பயணி