ரசீதுகளை ஜூலையில் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மும்பை மாட்டுங்காவில் வாடகைக்கு இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஜூலையில் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கில் (ரிட்டர்ன்) காட்டிய, சம்பளத்தில் வரும் வாடகைப்படிக்கு ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வந்தபோது, வீடு மாற்றியதில் ரசீதுகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. பேங்க் ஸ்டேட்மென்டில் மாதாமாதம் பணம் போனதைத் தேடி எடுத்து, பழைய வீட்டுக்காரரையும் கண்டுபிடித்து, மூன்று வாரம் அலைந்தேன். ரிட்டர்னுடன் எந்தக் காகிதமும் இணைக்க வேண்டியதில்லை என்பதாலேயே பலர் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், ஆனால் பிறகு கேட்டால் காட்ட வேண்டியது நாம்தான். வாடகை வருடத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் வேண்டும், அதை வீடு பிடிக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் அதற்கான வரிச்சலுகை கிடையாது. கடை ரசீதுகளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. ஊரில் நிலம், வீடு வாங்கியிருந்தால் அந்தப் பத்திரத்தையும் பதிவுச் செலவு ரசீதையும் விற்கும் வரை, விற்ற பிறகும் சில வருடம், பத்திரமாக வையுங்கள், லாபத்தைக் கணக்கிட அதுதான் ஆதாரம்.

தாராவியிலும் சயானிலும் ஆங்கிலப் படிவம் புரியாமல் யாரிடமோ பணம் கொடுத்துக் கணக்கை ஒப்படைக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். மாதம் ஒரு முறையாவது இதை எளிய தமிழில் நீங்கள் எழுத வேண்டும்.

ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை