முனியறை வீடல்ல, கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் உடுமலையில் மூணாறு பஸ்ஸைப் பிடித்து மறையூர் போய்வந்தோம். சின்னாறு தாண்டும்வரை அம்மா யானை தேடினாள், ஒன்றும் தென்படவில்லை.

இறங்கியதும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பாறைமேல் ஏறினோம். ஒன்பது வயதில் அங்கே கற்பலகைகளால் ஆன ஓர் அறைக்குள் நீ குனிந்து உட்கார்ந்துகொண்டு, "இதில் யார் அப்பா குடியிருந்தார்கள்?" என்று கேட்டாய். ஊரார் சொல்வதையே நானும் சொன்னேன்: முனிவர்கள், அதனால்தான் முனியறை. "கால் நீட்டவே இடமில்லையே, எப்படித் தூங்கினார்கள்?" என்றாய். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உன்னைக் கிளப்பிவிட்டேன்.

நீ கேட்டதுதான் சரி, கண்ணு. அது வீடே அல்ல. பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய ஈமச்சின்னம், கல்திட்டை என்பார்கள். சுற்றிலும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். சாந்து கிடையாது. கல்லின் எடைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. போய்ச் சேர்ந்த ஒருவருக்காக அத்தனை பேர் தோள் கொடுத்திருக்கிறார்கள். சில அறைகள் சரிந்து கிடக்கின்றன. ஒரு மூடுகல்லில் எவனோ தன் பெயரைக் கீறி வைத்திருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. மயானத்தில் போய் யாராவது அப்படிச் செய்வார்களா?

அங்கே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். எதிரே காந்தளூர் மலைச்சரிவு, கீழே பள்ளத்தாக்கு முழுக்கக் கரும்பு. கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்றுதான். அவற்றில் பாம்பாறும் ஒன்று. இந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கித்தான் அமராவதியில் சேர்கிறது. நம் வாய்க்காலில் நீ நீச்சல் பழகினாயே, அது இங்கிருந்து வந்த தண்ணீர். இத்தனை வருடம் அதைக் குடித்தும் எனக்கு அன்றுதான் அது உறைத்தது.

திரும்பும்போது சந்தனக் காட்டு வேலியோரம் நடந்தோம். அம்மா மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள், வாசமே இல்லை. மணமெல்லாம் உள்ளே வைரத்தில், நடுக்கட்டையில் இருக்கிறது, மரம் நிற்கும்போது வெளியே தெரியாது என்றேன். மாறாக, ஒரு கொட்டகையில் கருப்பஞ்சாறு காய்ச்சும் வாசம் வழியெல்லாம் கூடவே வந்தது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம் அது. இரண்டு கிலோ வாங்கினோம். ஒரு கிலோ உனக்கு.

முழங்கால் வலி அம்மாவுக்கு மறுநாளே குறைந்துவிட்டது, கவலைப்படாதே.

அந்த வயதில் நீ கேட்டு நான் மழுப்பிய கேள்விகள் வேறு ஏதாவது இருந்தால் எழுது.

அன்புடன்,
அப்பா